போட்டோவின் நிறத்தை யார் மாற்றுவது? அச்சுக்குக் கொடுக்குமுன் உள்ள மூன்று வழிகள்

பாடசாலை நூற்றாண்டு மலர், கோயில் தேர்த்திருவிழா மலர், தேயிலைப் பைக்கற்றின் லேபல், நுவரெலியா விடுதியொன்றின் கையேடு. மலையகத்திலிருந்து கலர் போட்டோவோடு அச்சகத்துக்குப் போகிற வேலைகள் பெரும்பாலும் இவைதாம். கட்டைப் பிரித்ததும் கேட்கிற குறைகளும் ஏறத்தாழ ஒன்றேதான்: கொழுந்துப் பச்சை மங்கி ஒலிவ் நிறமாகிவிட்டது, முகம் சிவந்துவிட்டது, மூடுபனி ஊதா அடிக்கிறது, எல்லாமே இருண்டு கிடக்கிறது. மலர்க்குழு அச்சகத்தாரைக் குறை சொல்லும். "நீங்கள் தந்த பைல் அப்படி" என்பார் அச்சகத்தார்.

நடந்தது என்னவென்றால், போனும் கேமராவும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் படத்தைப் பதிகின்றன, அதுதான் ஆர்ஜிபி. அச்சு மெஷினில் இருப்பதோ சயான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள், அதுதான் சிஎம்வைகே. ஏதோ ஓரிடத்தில் முதலாவதை இரண்டாவதாக மாற்றியே ஆகவேண்டும். அந்த மாற்றத்தை யார் செய்தார், எந்தத் தாளை மனதில் வைத்துச் செய்தார், எத்தனை முறை செய்தார் என்பதில்தான் நிறம் தப்பிக்கிறது அல்லது போகிறது. விலைப்பட்டியலில் இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இருக்காது. ஆனால் தாளின் விலைக்கு அடுத்தபடியாக முடிவெடுக்க வேண்டியது இதைத்தான்.

எந்த வழியிலும் வராத நிறங்கள்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். "அச்சில் பச்சை மங்கத்தான் செய்யும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். திரையின் தூய பச்சை (ஆர்ஜிபி 0, 255, 0) தாளில் வராது என்பது உண்மை. புரொபைல் என்பது ஒரு மெஷினும் தாளும் தரும் நிறத்தை விவரிக்கும் கோப்பு; அமெரிக்க ஸ்வொப் புரொபைலில் அந்தப் பச்சை சயான் 63, மஞ்சள் 100 சதவீதம் என்று மாறி, அமைதியான ஒரு பச்சையாகிவிடும். தூய நீலம் (0, 0, 255) சயான் 88, மஜெண்டா 77 ஆகி ஊதாவாகத் தெரியும். ஒளிரும் செம்மஞ்சள் மழைக்கோட்டும், கண்ணைப் பறிக்கும் ரோஸ் பட்டும் இதே வகை. நான்கு மைகளால் அவற்றைப் பிடிக்க முடியாது.

ஆனால் தேயிலைக் கொழுந்து அப்படிப்பட்ட நிறம் அல்ல. இயற்கை இலைப் பச்சை பெரும்பாலும் மினுக்கான ஆர்ட் பேப்பரில் அச்சிடக்கூடிய நிற எல்லைக்குள்ளேயே அடங்கும். அதை எல்லைக்கு வெளியே தள்ளுவது போனின் ஆப் ஏற்றிவிடும் செறிவு. உள்ளே இருப்பதையும் கெடுப்பது தவறான மாற்றம். ஆகவே கொழுந்துப் பச்சை ஒலிவ் ஆனால் அது அச்சின் விதியல்ல, திருத்தக்கூடிய பிழை.

முதல் வழி: படத்தை அப்படியே அச்சகத்துக்குக் கொடுப்பது

எளிதான வழி. ஆர்ஜிபி படங்களை அனுப்பிவிட்டு மாற்றும் பொறுப்பை அச்சகத்திடம் விடுகிறீர்கள். தன் மெஷினையும் தாளையும் அறிந்த, புரொபைல் வைத்து வேலை செய்கிற அச்சகமாக இருந்தால் இது நல்ல வழியே. உள்ளூர் டிஜிட்டல் அச்சுக்கு இதுவே பெரும்பாலும் சிறந்தது. டோனர் தூளால் அச்சிடும் டிஜிட்டல் மெஷினின் நிற எல்லை, பிளேட்டில் (அச்சுத் தகட்டில்) மை பூசி அச்சிடும் ஓப்செட்டினுடையதோடு ஒன்றாக இருப்பதில்லை. ஓப்செட்டுக்கென்று முன்கூட்டியே சிஎம்வைகே ஆக்கிக் கொடுத்தால் அந்த மெஷினால் தர முடிந்த நிறத்தையும் நீங்களே வெட்டிவிடுகிறீர்கள்.

ஆபத்து என்னவென்றால், மாற்றம் எங்கே நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. டிசைனர் படத்தைத் தன் மென்பொருளில் இழுத்துப் போட்டதும், அதில் முன்னமே இருந்த அமைப்புப்படி மாறியிருக்கலாம். அந்த அமைப்பை யாரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். போட்டோஷொப்பின் வட அமெரிக்க இயல்பு அமைப்பில் சிஎம்வைகே என்றால் ஸ்வொப்; அமெரிக்காவில் காகிதச் சுருளில் ஓடும் மெஷின்களுக்காக வந்த புரொபைல். தாள் தாளாக அச்சிடும் கொழும்பு ஓப்செட் மெஷினுக்கும் அதற்கும் உறவில்லை.

அதனால் இந்த வழியைத் தேர்ந்தால் அச்சகத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "ஆர்ஜிபி படத்தை எந்தப் புரொபைலுக்கு மாற்றுவீர்கள்?", "மாற்றியபின் புரூப் (ஒப்புதலுக்கான மாதிரி அச்சு) காட்டுவீர்களா?" முதல் கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வந்தால் நம்பலாம். "அது கம்பியூட்டரே மாற்றிக்கொள்ளும்" என்று வந்தால் அடுத்த வழிக்குப் போங்கள்.

இரண்டாம் வழி: நீங்களே சிஎம்வைகே ஆக்குவது

கட்டுப்பாடு முழுவதும் உங்கள் கையில். கெடுப்பதற்கான வாய்ப்பும் உங்கள் கையில். சரியாகச் செய்தால், அச்சகம் புரொபைல் பற்றிப் பேசாத இடங்களிலும் ஒழுங்கான பலன் தருவது இதுதான்.

அச்சகம் பெயர் சொல்லாவிட்டால், ஆர்ட் பேப்பர் ஓப்செட்டுக்குப் போக்ரா 39 என்ற ஐரோப்பியப் புரொபைல் ஓரளவு பாதுகாப்பான தேர்வு. போட்டோஷொப்போடு "கோட்டட் போக்ரா 39" என்ற பெயரில் வருகிறது. போக்ரா 51 அதற்குப் பின் வந்தது; வெண்மையூட்டி அதிகமுள்ள, நீலச் சாயலான இன்றைய தாள்களைக் கணக்கில் எடுத்தது. அச்சகம் அதைக் கேட்டால் மட்டும் கொடுங்கள். மினுக்கில்லாத சாதாரண வெள்ளைத் தாளுக்கு இவை இரண்டுமே பொருந்தா. அதற்குரிய "பிஎஸ்ஓ அன்கோட்டட்" புரொபைலை ஐரோப்பிய நிற அமைப்பான ஈசிஐ தன் இணையத்தளத்தில் இலவசமாகவே தருகிறது.

செய்முறை இது. படத்தை ஆர்ஜிபியிலேயே திறந்து, வெளிச்சம், வெள்ளைச் சமநிலை, வெட்டுதல் எல்லாவற்றையும் முடியுங்கள். பிறகு "வியூ" மெனுவில் "புரூப் செட்டப்", "கஸ்டம்" என்று போய், உங்கள் புரொபைலைத் தேர்ந்து, "ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்", "பிளாக் பொயின்ட் கொம்பன்சேஷன்" இரண்டையும் இடுங்கள். இப்போது திரையில் தெரிவது தாளில் வரப்போவதன் முன்னோட்டம். எல்லை மீறிய நிறங்களைச் சாம்பலாகக் காட்டும் "கேமட் வார்னிங்"கையும் போட்டுப் பாருங்கள். சேலையின் மடிப்புகளில் பெரிய திட்டாகச் சாம்பல் விழுந்தால், அந்த நிறத்தின் செறிவை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள். இறக்கியும் மடிப்புகள் ஒட்டிப்போய் ஒரே வண்ணப் பட்டையாகத் தெரிந்தால், அந்தப் படத்துக்கு மட்டும் "பெர்செப்சுவல்" முறையைப் பயன்படுத்துங்கள். மொத்த நிறமும் சற்றுத் தணியும், மடிப்பு மீளும். கடைசியில் "எடிட்" மெனுவின் "கன்வெர்ட் டு புரொபைல்" மூலம் ஒரே ஒருமுறை மாற்றி, வேறு பெயரில் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஆர்ஜிபி மூலம் பத்திரமாக இருக்கட்டும். அடுத்த வருட மலர் வேறு தாளில் வரலாம்.

அதே மெனுவில் பக்கத்திலேயே "அசைன் புரொபைல்" என்று ஒன்று உண்டு. அது எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவை குறிக்கும் நிறத்தை மாற்றிவிடும். புரொபைல் தொலைந்துபோன படத்துக்குப் பொதுவான ஆர்ஜிபி புரொபைலான எஸ்ஆர்ஜிபியை ஒட்டுவதற்குத்தான் அது தேவைப்படும். மாற்றுவதற்கு அதைத் தொட்டால் நிறம் தாறுமாறாகும்.

இந்த வழியின் பெரிய பகை இரட்டை மாற்றம். நீங்கள் ஒரு புரொபைலில் மாற்றிக் கொடுத்த படத்தை அச்சகம் இன்னொன்றுக்கு மீண்டும் மாற்றினால், கறுப்பு மட்டும் இருந்த இடத்தில் நான்கு மையும் வந்து குடியேறும், சாம்பல்கள் சாயும். "இவை சிஎம்வைகே, எண்களை மாற்ற வேண்டாம்" என்று அனுப்பும் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று மையின் மொத்த அளவு. அந்தி நேரத்து மலைப் படங்களில் நிழல் பகுதிகள் நான்கு மைகளையும் குடிக்கும். போக்ரா 39 வழியாக ஆர்ஜிபியின் தூய கறுப்பை (0, 0, 0) மாற்றினால் சயான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு வரிசையில் 91, 79, 62, 97 என்று மொத்தம் 329 சதவீதம் வரும். ஸ்வொப்பில் 75, 68, 67, 90 சேர்ந்து 300. காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் இவ்வளவு மை மெதுவாகத்தான் உலரும். அடுக்கிய தாளின் முதுகில் ஒட்டும். அதற்காகவே ஈசிஐ தளத்தில் 300 சதவீதத்துக்கு மட்டுப்படுத்திய போக்ரா 39 புரொபைலும் இருக்கிறது. இருண்ட படங்கள் நிறைந்த மலருக்கு அதைத் தேர்வதே புத்தி.

மூன்றாம் வழி: ஆர்ஜிபியாகவே பிடிஎப்புக்குள்

பக்க வடிவமைப்பில் படங்களை அவற்றின் புரொபைலோடு ஆர்ஜிபியாகவே வைத்து, எந்த அச்சுநிலைக்கு என்பதை பிடிஎப்பிலேயே குறித்துக் கொடுக்கும் முறை இது. பிடிஎப் எக்ஸ் 4 என்ற தரம் இதற்கு இடம் தருகிறது. பழைய எக்ஸ் 1ஏ தராது; அதில் எல்லாம் சிஎம்வைகே ஆகவோ தனி மையாகவோ இருந்தாக வேண்டும். எக்ஸ் 4இன் அருமை, தாள் கடைசி நேரத்தில் மாறினாலும் படங்களைத் திரும்பச் செய்யத் தேவையில்லை என்பது. அச்சுத்தாளுக்கு இறக்குமதியையே நம்பியிருக்கும் நாடு இது. தாள் தட்டுப்பாட்டால் பரீட்சைகளையே ஒத்திவைத்த 2022ஐ யாரும் மறக்கவில்லை. மேற்கோள் விலையில் எழுதிய தாளும் மெஷினில் ஏறும் தாளும் வேறாகலாம்.

இன்டிசைனிலும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸிலும் இதைச் செய்யலாம். ஆனால் மறுமுனையில் அதைச் சரியாகத் திறக்கும் அச்சகம் வேண்டும். பழைய பதிப்புக் கோரல்ட்ராவில் பிடிஎப்பைத் திறந்து திருத்தும் பழக்கமுள்ள இடத்துக்கு இதைக் கொடுக்காதீர்கள், புரொபைல்கள் உதிர்ந்துவிடலாம். "எக்ஸ் 4 எடுப்பீர்களா?" என்ற கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்றால் இந்த வழி மூன்றிலும் மேல். தயங்கினால் இரண்டாம் வழியில் மாற்றிய படங்களை வைத்து எக்ஸ் 1ஏ ஆகக் கொடுங்கள்.

வேர்டில் செய்த மலர் இந்த மூன்றிலும் சேராது. வேர்டுக்கு சிஎம்வைகே தெரியாது. சேமிக்கும்போது படங்களையும் இயல்பாக 220 பிபிஐக்கு (அங்குலத்துக்கு 220 பிக்சல்) சுருக்கிவிடும். எழுத்தை வேர்டில் தட்டச்சு செய்யுங்கள், போட்டோக்களைத் தனிக் கோப்புகளாகக் கொடுங்கள். கேன்வா, பணம் கட்டிய கணக்கில் சிஎம்வைகே பிடிஎப் தருகிறது. ஒற்றைத்தாள் விளம்பரத்துக்குப் போதும், மலருக்குப் போதாது.

ஒரு படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தால்

தலவாக்கலைப் பக்கத்து மலைச்சரிவு ஒன்று, காலை எட்டு மணி. இடுப்பில் படங்கு கட்டிய ஒரு பெண், கையில் கொழுந்து, பின்னால் பாதி கலைந்த மூடுபனி. இந்த ஒரே படத்தில் கெட்டுப்போகக்கூடிய மூன்று நிறங்களும் இருக்கின்றன. புரூப் முன்னோட்டம் போட்ட நிலையில் இன்போ பெட்டியில் "புரூப் கலர்" என்று வைத்துக்கொண்டு சொட்டுக் குழாயை நகர்த்துங்கள்.

வெயில் பட்ட கொழுந்தில் சயான் 45 முதல் 55, மஞ்சள் 90க்கு மேல், மஜெண்டா 15க்குள், கறுப்பு இல்லை என்றால் இலை உயிரோடு இருக்கும். மஜெண்டா 25ஐத் தாண்டினால் ஒலிவ் தொடங்கிவிட்டது என்று பொருள். முதிர்ந்த இலையில் மஜெண்டாவும் கறுப்பும் வரட்டும். அவை இல்லாவிட்டால் செடிக்கு ஆழமே இராது. எல்லாப் பச்சையையும் ஒரே அளவில் ஏற்றிவிடுவதுதான் பொதுவான தவறு. கொழுந்துக்கும் முற்றலுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே தேயிலை மலையின் அழகு.

முகத்தில் மஞ்சள், மஜெண்டாவுக்குச் சமமாகவோ 5 முதல் 15 வரை கூடவோ இருக்க வேண்டும். மஜெண்டா மேலே போனால் முகம் வெந்ததுபோலச் சிவக்கும். நம் மாநிறத்துக்கு அதே மை வரிசையில் 40, 60, 70, 15 என்ற அளவில் ஒரு கன்னம் இருந்தால் பிழையில்லை. "முகம் கறுத்துவிட்டது" என்று குழுவில் ஒருவர் சொன்னதும் முகத்தை வெளுக்க வைக்கும் பழக்கம் வேண்டாம். வெயிலில் நின்று உழைத்த முகத்தின் நிறம் அதுதான். சரிசெய்ய வேண்டியது நிழலின் அடர்த்தி, தோலின் நிறமல்ல.

மூடுபனி சாம்பல். சம அளவில் மூன்று மை போட்டால் சாம்பல் வராது, பழுப்புதான் வரும். ஆர்ட் பேப்பரில் நடுச் சாம்பல் சயான் 50, மஜெண்டா 40, மஞ்சள் 40; வெளிர்ச் சாம்பல் 25, 19, 19. பனிக்குச் சயான் இன்னும் ஓரிரு புள்ளி கூடினால் குளிர்ச்சி வரும். மஜெண்டா கூடினால்தான் அந்த ஊதா. நீல வானத்துக்கும் இதுவே காவல்: சயானுக்கும் மஜெண்டாவுக்கும் 30 புள்ளியாவது இடைவெளி இருக்கட்டும்.

பாடசாலைக் குழுப்படங்களில் இன்னொரு பொறி உண்டு. வெள்ளைச் சமநிலைக்காகப் பலர் சீருடையின் வெள்ளையைச் சொடுக்குகிறார்கள். நீலம் போட்டுத் துவைத்த சட்டை நடுநிலை வெள்ளை அல்ல. அது நீலத்தை வெள்ளை என்று சொல்லிக் கொடுக்க, முகமெல்லாம் மஞ்சளாகிவிடும். எடுக்கும்போதே முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். சீருடையில் சயான் 5, மஜெண்டா 3, மஞ்சள் 3 அளவாவது புள்ளி இருக்கட்டும். சுத்தமாக 0 ஆனால் சட்டை தாளோடு கரைந்து, தோளும் கையும் எங்கே என்று தெரியாது.

வட்ஸ்அப், திரை, போன்

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் ஏறத்தாழ 1600 பிக்சல் நீளத்துக்குச் சுருங்கும். 300 பிபிஐ கணக்கில் அது தாளில் 13.5 செ.மீ. மட்டுமே. "டொக்கியுமென்ட்" ஆக அனுப்பினால் மூலம் அப்படியே வரும்.

அச்சு இருண்டு வருவதற்கு முதல் காரணம் அச்சே அல்ல, வெளிச்சம் கூடிய திரை. திரையின் பிரகாசத்தை 100 முதல் 120 கேண்டெலாவுக்கு இறக்க வேண்டும். அளக்கும் கருவி இல்லையென்றால் ஜன்னலோரத்தில் ஒரு வெற்று வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்து, திரையின் வெள்ளை அதற்குச் சமமாகும்வரை குறையுங்கள். சாம்சங் போனில் "விவிட்" முறையில் பார்த்துப் படம் தெரிவு செய்த குழு, எந்த அச்சிலும் திருப்தியடையாது. "நேச்சுரல்" ஆக்கச் சொல்லுங்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்

2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டானது "மலையகம் 200" என்று நினைவுகூரப்பட்டபோது, லயத்து வாசலில் எடுத்த குடும்பப் படங்களும் பழைய தொழிற்சாலைப் படங்களும் பெட்டிகளிலிருந்து வெளியே வந்தன. அவற்றை அச்சிட மூன்று தேர்வு. கறுப்பு மை மட்டும்: மலிவு, சாயல் விழாது, ஆனால் நிழல் தட்டையாகும். நான்கு மையும்: ஆழம் நன்று, ஆனால் மெஷினில் ஒரு மை சற்று ஏறினாலும் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் வரும். கறுப்போடு ஒரு மிதமான சாம்பல் தனி மை: மிக அழகு, ஆனால் ஒரு பிளேட் கூடும். உள்பக்கம் ஒற்றை நிற மலரென்றால் முதலாவதையே எடுங்கள், நடுச் சாம்பலை மட்டும் சற்று வெளிச்சமாக்குங்கள்; மினுக்கில்லாத தாளில் மை பரவி எப்படியும் அடர்த்தி கூடும். ஸ்கேன் 600 பிபிஐயில் கலராகவே எடுத்துவைத்துப் பிறகு சாம்பலாக்குங்கள். மஞ்சள் கறையை அப்போதுதான் பிரித்து நீக்க முடியும்.

எழுத்தும் கெடும்

நிறமாற்றம் போட்டோவோடு நிற்பதில்லை. வேர்டிலிருந்து வந்த ஆர்ஜிபி கறுப்பு எழுத்து மேலே சொன்ன 329 சதவீத நான்கு மைக் கறுப்பாகிவிடும். பிளேட் இம்மியளவு நகர்ந்தாலும் 10 புள்ளித் தமிழ் எழுத்தில் ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபட்டு, ஓரத்தில் சிவப்பு நிழல் தெரியும். பிடிஎப்பை அக்ரொபட்டின் "அவுட்புட் பிரிவியூ"வில் திறந்து கறுப்பு பிளேட்டை மட்டும் அணையுங்கள். எழுத்து முழுவதும் மறைந்தால் சரி. மங்கலாக ஏதாவது மிஞ்சினால் எழுத்துக்குத் தூய கறுப்பு 100 கொடுத்துத் திரும்ப எடுங்கள்.

உள்ளூர் டிஜிட்டலா, கொழும்பு ஓப்செட்டா

ஹட்டனிலோ கண்டியிலோ டிஜிட்டலில் அடிப்பதன் பெரிய நன்மை, முதல் பிரதியே உண்மையான புரூப் என்பது. அதே மெஷின், அதே தாள்; பிடிக்காவிட்டால் அங்கேயே நின்று திருத்தலாம். குறை, நாளுக்குள் நிறம் நகர்வது. காலையில் அடித்த நூறும் மாலையில் அடித்த நூறும் பக்கத்தில் வைத்தால் தெரியும். கலர்ப் பக்கங்களை ஒரே அமர்வில் அடிக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தாளை உறை பிரிக்காமல் மெஷின் அறையிலேயே வைத்திருந்து, அடிக்கும் நேரத்தில் பிரிக்கட்டும். ஈரம் குடித்த தாள் சுருளும், டோனரும் ஒழுங்காகப் பிடிக்காது.

சில நூறு பிரதிக்கு மேல் போனால் ஓப்செட் மலிவாகத் தொடங்கும். எந்த எண்ணில் என்பது தாளையும் பக்கத்தையும் பொறுத்தது, இரண்டு விலையும் கேட்டுப் பாருங்கள். கலர்ப் பக்கங்களை மலர் முழுவதும் தூவாமல் 8 அல்லது 16 பக்கமாக ஒரே படிவத்தில் (ஒன்றாக அச்சாகும் பெரிய தாளில்) சேர்த்து, 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் போட்டால் செலவும் குறையும், நிறமும் ஒத்துவரும். ஒரே படிவத்தில் இருண்ட படத்துக்கு நேர் கீழே முகப்படம் வராமல் பக்கங்களை அடுக்குங்கள். மெஷினில் மை திறப்பு செங்குத்துப் பட்டையாகத்தான் கூடிக் குறையும், மேல் படத்துக்கு ஏற்றிய மை கீழேயுள்ள முகத்திலும் ஏறும்.

ஓப்செட்டுக்கு அளவீட்டோடு கூடிய புரூப் எடுக்கத் தனிச் செலவு உண்டு. எல்லாப் பக்கத்துக்கும் வேண்டாம். ஒரு முகம், ஒரு பச்சை, ஒரு மூடுபனி என மூன்று படங்களை ஒரே தாளில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். மலையிலிருந்து கொழும்புக்குப் போய் மெஷினருகே நிற்க ஒரு நாள் போய்விடும். இந்தத் தாள் கூரியரில் வந்து சேரும். அதை டியூப் லைட்டின் கீழ் பார்க்காதீர்கள், பச்சை கூடித் தெரியும். நேரடி வெயில் விழாத ஜன்னலோரத்தில், முற்பகலில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சம்மதமானால் திகதியிட்டுக் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்புங்கள். மெஷின் ஓடும்போது அது இயக்குபவரின் மேசையில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னொரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். கட்டு வந்ததும் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று உருவி, அதே ஜன்னலோரத்தில் அந்தப் பிரதியோடு ஒப்பிட்டபின் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.